தொட்டால் சுர்ரென்கிற இயந்திரம்: எலக்ட்ரீஷியன் அல்லாதவர்கள் எதுவரை கை வைக்கலாம்?

கேள்வி

வணக்கம். எங்கள் பணியிடத்தில் அட்டைப்பெட்டிகளைக் கட்டும் சிறிய இயந்திரம் ஒன்று உள்ளது. தரையைத் துடைத்த ஈரம் காயும் முன் அதன் இரும்புப் பக்கத்தில் புறங்கை உரசினால் லேசாகச் சுர்ரென்கிறது. ரப்பர் செருப்பு போட்டிருந்தால் தெரிவதில்லை என்பதால் எல்லோரும் அப்படியே பழகிவிட்டார்கள். அதே லைனில் எம்.சி.பி.யும் (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே அணையும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. அருகில் இருப்பவர் தூக்கிவிட்டு வேலையைத் தொடர்கிறார். எங்களில் எவரும் எலக்ட்ரீஷியன் இல்லை. பிளக்கைத் திறந்து ஒயரை முடுக்குவது, எம்.சி.பி.யைத் தூக்கிவிடுவது போன்றவற்றில் நாங்கள் எதுவரை செய்யலாம்?

பதில் 1

மற்றதெல்லாம் பிறகு, அந்த இயந்திரத்தை இப்போதே நிறுத்துங்கள். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, ஒயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்துக் கழற்றி, "பழுது, பயன்படுத்தக் கூடாது" என்று எழுதிய அட்டையைப் பிளக்கிலேயே கட்டுங்கள். இயந்திரத்தின் மேல் ஒட்டினால், அடுத்த ஷிப்டில் வருபவர் அதைக் கவனிக்கும் முன்பே பிளக்கைச் செருகிவிடுவார்.

இரும்பு உடலுக்குக் கசியும் மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் போய்விட வேண்டும். தொடுபவருக்குத் தெரிகிறது என்றால், பெரும்பாலும் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது, அந்தக் கசிவு அவர் உடல் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று பொருள். செருப்பு அந்த வழியைத் தடுக்கிறதே தவிர, பழுது அப்படியே இருக்கிறது. ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியரிலேயே சுர்ரென்பது தெரியும். 10 மில்லி ஆம்பியர் அளவில் கைத்தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30-ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. வியர்த்த கை, ஈரத்தரை, மறு கையில் தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தாலே முதல் நிலையிலிருந்து கடைசி நிலைக்குப் போய்விட முடியும்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பலர் என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் காப்பது. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஓர் உயிரைப் பறிக்கும் 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. ஆளைக் காப்பது, மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். உங்கள் போர்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கணினியில் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். இதற்கு எலக்ட்ரீஷியன் தேவையில்லை. அழுத்தியும் அது விழுந்து மின்சாரம் நிற்கவில்லை என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

பதில் 2

எம்.சி.பி.யைத் தொடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை தூக்கலாம். உடனே விழுந்தால் அப்படியே விட்டுவிட வேண்டும். நின்றால், ஒவ்வொன்றாகச் செருகும்போது எது விழவைக்கிறது என்று தெரிந்துவிடும். பழுதான இயந்திரத்தை மட்டும் இந்தச் சோதனையில் சேர்க்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பாருங்கள். 2000 வாட் கெட்டில் ஒன்றே 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாக்ஸ் அதைத் தாங்காது. பிளக் சூடாக இருந்தாலோ துளையோரம் பழுப்பேறியிருந்தாலோ, அதைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பிளக்கைத் திறப்பது உங்கள் வேலை அல்ல.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, இயந்திரத்தை நிறுத்திவிட்டோம். எலக்ட்ரீஷியன் வரும்வரை டெஸ்டரை வைத்து நாங்களே பார்க்கலாமா? யாருக்காவது ஷாக் அடித்தால் என்ன செய்வது?

பதில் 3

டெஸ்டர் எரியவில்லை என்பதால் மின்சாரம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பல்பு கெட்டிருந்தாலும் எரியாது. எனவே அதை நம்பி எதையும் தொட வேண்டாம்.

மின்சாரத்தில் சிக்கியவரைக் கையால் இழுக்காதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்பது அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதன் முன் பெட்டிகளை அடுக்கக் கூடாது. அணைக்க வழியே இல்லாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் அவரை விலக்கலாம். இது சாதாரண சுவர் பிளக் மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும், உயர் அழுத்தக் கம்பியின் அருகில் போகவே கூடாது. விடுபட்டவருக்கு மூச்சில்லை என்றால் ஒருவர் ஆம்புலன்ஸை அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவரே எழுந்து நின்றாலும், இதயத் துடிப்பைப் பரிசோதிக்க அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.