புதுப்பிப்பு: மார்த்தாண்டம் கடை போர்டுக்கு எழுத்துரு கிடைத்துவிட்டது

அண்ணனின் ரப்பர் ஷீட் கடைக்குக் குறுகலான போர்டு. ஆங்கில வரி இம்பாக்ட் எழுத்துருவில் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி தடித்த, ஒடுங்கிய தமிழ் எழுத்துரு உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனத்தின் 'அனேக் தமிழ்' எழுத்துருவைத்தான் எடுத்தோம். இலவசம்; அகலம், தடிமன் இரண்டையும் தனித்தனியே மாற்றலாம்.

சாதாரண எழுத்துருவையே கணினியில் பக்கவாட்டில் நெருக்கினால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போதாது. நெருக்கும்போது செங்குத்துக் கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் அப்படியே தடியாக நிற்கும். 'மார்த்தாண்டம்' என்று அடித்துப் பாருங்கள், 'ண்'ணின் சுழிகள் அடைத்துக் கறுப்புத் திட்டாகிவிடும். ஒடுக்கமாகவே வரைந்த எழுத்தில் சுழிக்குள் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. களியக்காவிளை பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர் ஒரு நொடியில் படிக்க அந்த இடைவெளிதான் வேண்டும்.

இம்பாக்ட் 1965இல் ஜெஃப்ரி லீ வரைந்தது. அதில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளும் உயரமாக இருப்பதால் வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கலாம். தமிழில் அது நடக்காது: மேலே புள்ளியும் இகரக் கொக்கியும், கீழே உகரக் கால். அதனால் வரி இடைவெளியைக் கூட்டினோம்.

அப்புறம், இந்த ஒடுங்கிய எழுத்தைத் தலைப்புக்கு மட்டும் வையுங்கள். போன் நம்பருக்குக் கீழே வரும் முகவரிக்குச் சாதாரண அகல எழுத்தே நல்லது.