யூதாஸின் வாயில் மகதலேனாளின் மெட்டு

இயேசுவின் கடைசி நாட்களைச் சொல்லும் ராக் இசைநாடகமான ‘ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்’ என்றாலே பாட்டு வரிகளைப் பிடித்துக்கொண்டு சண்டை தொடங்கிவிடுகிறது. காட்டிக்கொடுத்த யூதாஸை நாயகனாக்கிவிட்டார்கள், உயிர்த்தெழுதலே இல்லை என்று. டிம் ரைஸின் வரிகள் கேள்வி கேட்பது உண்மைதான். ஆனால் இந்தப் படைப்பு வேதாகமத்துக்கு எழுதும் உரை ஆண்ட்ரூ லாயிட் வெபரின் மெட்டுகளில்தான் இருக்கிறது. இதை மேடையேற்றுகிறவர்கள், ஒரு மெட்டு யார் வாயில் பிறந்து யார் வாய்க்குப் போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே கேளுங்கள்.

முதல் பாகத்தில் மகதலேனா மரியாள், இவரை எப்படி நேசிப்பதென்றே தெரியவில்லை என்று பாடுகிறாள். இரண்டாம் பாகத்தில் யூதாஸ் சாகப்போகும் நேரத்தில் அதே மெட்டைப் பாடுகிறான். மத்தேயு 27இல் அவன் மனஸ்தாபப்பட்டு முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்கிறான், நான்றுகொண்டு சாகிறான், அவ்வளவுதான். அந்த மனஸ்தாபத்துக்கு அடியில் அன்பு இருந்தது என்று சொல்வது மெட்டு. யூதாஸாக நடிப்பவர் இந்த இடத்தைக் கத்தித் தீர்த்தால் போச்சு. மரியாள் பாடிய மென்மையோடு தொடங்கினால்தான் பார்வையாளர்களுக்கு அவள் ஞாபகம் வரும்.

இன்னொன்று: இயேசு எருசலேமுக்காகக் கலங்கும் மெட்டும் அடுத்து வரும் ரோம ஆளுநன் பிலாத்துவின் கனவும் ஒன்றே. மத்தேயுவில் கனவு கண்டவள் பிலாத்துவின் மனைவி. இங்கே கனவை அவனுக்கே கொடுத்து, இயேசுவின் துக்கத்தையும் அவன்மேல் ஏற்றிவிட்டார்கள்.

* * *

மெட்டு வாய் மாறுவதைப் பற்றி மேலே சொன்னதோடு எருசலேம் ஆலயக் காட்சியையும் சேர்க்க வேண்டும். வியாபாரிகள் கூவி விற்கும் மெட்டிலேயேதான் பிறகு நோயாளிகள் இயேசுவை மொய்த்துக் கெஞ்சுகிறார்கள். விற்பவனும் இழுக்கிறான், வேண்டுபவனும் இழுக்கிறான். ஆடைக்காரர்கள் இரண்டு கூட்டத்தையும் வேறு வேறு ஆட்களாக்கினால் இந்த அர்த்தம் கரைந்துவிடும். அதே ஆட்கள் இருக்கட்டும், மேலே ஒரு கந்தலைப் போர்த்திக்கொண்டால் போதும்.

இந்த ஆலயப் பாட்டின் தாளம் ஏழு எண்ணிக்கை. மிஸ்ர நடை பழகிய நம் காதுக்குப் பயமில்லை, நாலு எண்ணிக்கையிலேயே வளர்ந்த கோரஸ்தான் தடுமாறும். வரி முடிந்ததும் மூச்சு வாங்க எட்டாவதாக ஒரு எண்ணிக்கையைத் தானாகச் சேர்த்துவிடுவார்கள், டிரம்ஸ் முன்னால் போய்விடும். மெட்டை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் கைதட்டிச் சொல்லிப் பழகவேண்டும். மூச்சு எங்கே என்பதை ஒவ்வொருவர் தாளிலும் குறித்துவிடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வாங்கக் கூடாது. வேகம் கடைசியில்தான். மரியாள் இயேசுவை ஆற்றும் பாட்டு ஐந்து எண்ணிக்கை, கண்ட நடை. அது தாலாட்டுபோல ஓடவேண்டும், முதல் எண்ணிக்கையில் குத்தினால் ஆறுதல் போய்விடும்.

* * *

அடுத்து ‘கெத்செமனே’, கைதாகும் முன் இயேசு தோட்டத்தில் ஜெபிக்கும் பாட்டு. சுவிசேஷத்தில் இந்த ஜெபம் ஓரிரு வாக்கியம். இந்த நாடகத்தின் 1970 இசைத்தட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல். அதில் இயேசுவாகப் பாடிய, ‘டீப் பர்ப்பிள்’ ராக் குழுவின் இயன் கில்லன் உச்சத்தில் தொடுவது, டெனர் எனப்படும் உயர்ந்த ஆண்குரல்களின் ‘ஹை சி’ ஸ்வரத்துக்கும் மேலே இருக்கும் ஜி. அதைத் தொண்டையை இறுக்கிப் பிடிக்கப் போகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் குரலை இழக்கிறார்கள். அது தலைக்குரலில் எழும்பவேண்டிய ஓலம். ஒத்திகையில் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் முழுக் குரலில் வேண்டாம், மற்ற நேரம் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். முதல் பாகத்திலேயே ஆலயத்தில் ஒரு கத்தல் இருக்கிறது, அங்கேயே எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள்.

உச்ச ஸ்வரத்தைவிட முக்கியம் அதற்குப் பிறகு இயேசு சாவதற்குச் சொல்லும் சம்மதம். பலர் அமைதியாகத் தலை குனிந்து முடிக்கிறார்கள். இசை அப்படிப் போகவில்லை. கோபம் ஆறுவதற்கு முன்பே ‘சரி’ வருகிறது, மனம் மாறிவிடுவேனோ என்ற அவசரத்தோடு.

உயிர்த்தெழுதல் இல்லை என்பவர்களுக்கு ஒன்று. சிலுவைக்குப் பிறகு இதே கெத்செமனே மெட்டு குரலே இல்லாமல் வாத்தியங்களில் வருகிறது. அந்தப் பகுதிக்கு வைத்த பெயர் யோவான் 19:41. அவர் சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டம், அதில் ஒருவரும் வைக்கப்பட்டிராத புதிய கல்லறை. கெஞ்சியதும் தோட்டத்தில், அடக்கமும் தோட்டத்தில். விளக்கை மெல்ல இறக்குங்கள். நடிகர்கள் வணங்கவரும் இசையை உடனே தொடங்கினால் இந்த வசனம் யார் காதிலும் விழாது.

* * *

இயேசு வாங்கும் சவுக்கடிகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. பிலாத்து ஒன்று முதல் முப்பத்தொன்பது வரை வாய்விட்டு எண்ணுகிறான். சுவிசேஷங்களில் இந்த எண்ணிக்கை கிடையாது. உபாகமம் 25:3 நாற்பதுக்கு மேல் கூடாது என்கிறது, பவுல் தான் பட்டதை ‘ஒன்றுகுறைய நாற்பது’ என்கிறார் (2 கொரிந்தியர் 11:24). அந்த யூத வரம்பை ரோமச் சவுக்குக்கு மாட்டியிருக்கிறார்கள். எண்ணும்போது பின்னணியில் ஓடும் கிட்டார் துண்டு, யூதாஸ் முதல் பாட்டில் எச்சரித்தபோது வந்ததே. டிரம்ஸ் பிலாத்துவைப் பின்தொடரவேண்டும். அவன் டிரம்ஸைத் துரத்தினால் இருபதுக்குமேல் எண்கள் குழம்பும்.

பிரதான ஆசாரியன் காய்பா விஷயத்தில் கவனம் தேவை. 1971இல் பிராட்வேயில் மேடையேறியபோது யூத அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அடித்தொண்டையில் பாடும் கருப்பங்கிக் கூட்டமாக மட்டும் ஆசாரியர்களைக் காட்டினால் அந்தக் குற்றச்சாட்டு நியாயமாகிவிடும். யோவான் 11:48ஐ நடிகர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்: ரோமர் வந்து நம் ஸ்தானத்தையும் ஜனத்தையும் அழித்துப்போடுவார்கள் என்ற பயம். பாட்டிலும் அதே பயம்தான் இருக்கிறது, அதைப் பாடினால் போதும்.

* * *

அதே 1971இல் வந்த இன்னொரு இயேசு இசைநாடகமான ‘காட்ஸ்பெல்’லையும் பாருங்கள். மத்தேயுவை ஒட்டிய உவமைகள், பத்தே நடிகர்கள். யோவான் ஸ்நானகனையும் யூதாஸையும் ஒரே நடிகர் செய்கிறார். ஞானஸ்நானம் கொடுத்த கையே காட்டிக்கொடுக்கிறது. ஆளை மறைக்க ஒப்பனையை முழுக்க மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அந்தக் கை அடையாளம் தெரியட்டும்.