புதுப்பிப்பு: பழைய இலக்கியத்திலிருந்து பெண் குழந்தைக்குப் பெயர், முடிவாகிவிட்டது

சின்னதாக, கூப்பிட எளிதாக ஒரு பெயர் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி, ஆதிரை என்று வைத்துவிட்டோம்.

மணிமேகலையைப் பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் கடைசியில் நின்றது: அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை, அதற்குப் பிறகுதான் அதில் அள்ள அள்ளக் குறையாத சோறு. எனக்கு ஆதிமந்திதான் ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் கணவனைக் காவிரி அடித்துக்கொண்டு போக அழுதுகொண்டே தேடிப் போனவள் என்று தெரிந்ததும் வீட்டில் ஒரே எதிர்ப்பு (அவன் திரும்பக் கிடைத்தான் என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை). சங்ககாலப் பெண் புலவர் காக்கைபாடினியாரின் பெயரான நச்செள்ளையும் அழகுதான், கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

எதிர்பாராதது, பெயரைக் கேட்கிற பாதிப்பேர் திருவாதிரை நட்சத்திரமா என்கிறார்கள். இல்லை, ரோகிணி. அப்புறம், ஆங்கில எழுத்தில் இதைப் பல விதமாக எழுதலாம், பிறப்புச் சான்றிதழுக்குக் கொடுக்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.