தெஹெசா (ஸ்பெயினில் ஓக் மரங்கள் விட்டு விட்டு நிற்கும் மேய்ச்சல் நிலம்) வழியே நடக்கும்போது எதிர்ப்பட்டவை: படல், காவல் நாய், வேட்டை

ஒற்றையடி:
தென்மேற்கு ஸ்பெயினில் லினாரெஸிலிருந்து அலாஹார் போகும் பாதை. லோஸ் மத்ரோஞ்ஞெரோஸ் தாண்டி, ரெண்டு பக்கமும் கல்சுவர் வரும் இடம். அராசேனா மலையில் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் அடையாளம் தேவையில்லை. அங்கே ஒரு கம்பிப் படல், அதாவது கழிகளில் முள்கம்பி கட்டிய வேலிக் கதவு. காலையில் அது முழுக்கத் திறந்து, சுவரோரம் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. முன்னே போன ஒரு கூட்டம் அந்தக் கட்டை அவிழ்த்து, ரொம்பப் பொறுப்பாக மூடிவிட்டுப் போய்விட்டது. மதியம் பார்த்தால் கறுப்புப் பன்றிகள் மொத்தமும் படலை முட்டிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர்த் தொட்டி இந்தப் பக்கம். ஒரு பன்றி அடிக்கம்பிக்குக் கீழே மூக்கை விட்டுத் தூக்கிக்கொண்டே இருந்தது. மூக்கு வளையம் கம்பியில் உரசிக் கிறீச்சிடும் அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் கடைசியில் தொடங்கிப் பிப்ரவரி வாக்கில் முடியும் ஏகோர்ன் (ஓக் கொட்டை) மேய்ச்சல் காலம் அது. குறைந்தது 60 நாள் மேய்ந்து, சராசரி 46 கிலோவாவது எடை ஏறினால்தான் அந்தப் பன்றி 'பெயோத்தா' (ஏகோர்ன் தின்று கொழுத்தது) தரத்துக்குப் போகும். 2014 அரசாணை அப்படி. அந்த நாட்களில் மந்தையைத் தண்ணீரிலிருந்து பிரிப்பது சின்ன விஷயம் இல்லை. 'கேட் என்றால் மூடு' என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு இதை யார் சொல்வது?

கல்சுவர்:
மூடியிருந்தால் மூடு, திறந்திருந்தால் திறந்தபடி விடு. இதில் இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆனால் 'திறந்திருப்பது' ரெண்டு வகை. கட்டி வைத்திருந்தால் உரிமையாளர் வேண்டுமென்றே திறந்தது, தொடாதீர்கள். கம்பியும் கழியும் சுருண்டு பாதையில் கிடந்தால் எவரோ மூடத் தெரியாமல் போட்டுவிட்டுப் போனது. அதை மூடத்தான் வேண்டும்.

மூடத் தெரியாததுதான் பாதிப் பிரச்சினை. படலின் கடைசிக் கழியின் அடி, தூணின் கீழ் வளையத்துக்குள் இருக்கும். கழியின் தலை, மேல் வளையத்துக்குள். திறக்கும்போது தோளைக் கழியோடு சேர்த்துத் தூணை நோக்கி அழுத்தினால் மேல் வளையம் தளரும். அதைக் கழற்றிவிட்டு, கழியை மேலே தூக்கிக் கீழ் வளையத்திலிருந்து எடுக்க வேண்டும். அப்போது கழியை விட்டுவிட்டால் இழுவிசையில் துள்ளிப் போகும். முள்கம்பி முழங்காலைக் கிழித்துவிடும். மூடும்போது தலைகீழ் வரிசை: முதலில் அடி, பிறகு தலை. மேல் வளையத்தை முதலில் மாட்டப் பார்ப்பவர்கள்தான் 'எட்டவே இல்லை' என்று விட்டுப் போகிறவர்கள்.

மின்கம்பி வேலி என்றால் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றுங்கள். பையில் செருகிய அலுமினியக் கோல் கம்பியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குனியும்போது அதுதான் முதலில் போய்ப் படும்.

மேற்குமலை:
பன்றி பாவம், சரி. எனக்கு விடாமல் உறுத்துவது நாய். தெற்கே இல்லை, வடக்கே சமோரா மாகாணம், குலேப்ரா மலைத்தொடர். பைரனியன் ஓக் காடு விட்டு விட்டு வரும் புல்வெளி. ஆட்டு மந்தைக்கு நடுவே பாறை என்று நினைத்தது எழுந்தது. மஸ்தீன், மந்தை காக்கும் பெரிய ஸ்பானிய நாய். குரைக்கவில்லை. நேராக வந்து, மந்தைக்கும் பாதைக்கும் நடுவே உடம்பைக் குறுக்காக வைத்து நின்றுகொண்டது. கழுத்தில் ஆணி வைத்த பட்டை. அது ஓநாய்க்காக, மனிதனுக்காக இல்லை. தெரிந்தாலும் கால் நகரவில்லை.

பனங்காட்டான்:
குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை காட்டியிருக்கலாமே, பாஸ். எந்த நாயும் ஓடும்.

மேற்குமலை:
தெருநாய்க்கு அது சரி. மஸ்தீனிடம் அந்த வேலை வேண்டாம். ஆண் நாய் தோள் உயரமே 77 செ.மீ.க்கு மேல். ஓநாய் வந்தால் பின்வாங்காமல் எதிர்த்து நிற்கவே வளர்த்தது. கையை ஓங்கினால் அதன் கணக்கில் நீங்கள் மந்தைக்கு வந்த ஆபத்து, அவ்வளவுதான். செய்ய வேண்டியது: நின்றுவிட வேண்டும். கோலைத் தாழ்த்தி உடம்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணைப் பார்க்காமல், சாதாரணக் குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்; மனிதக் குரல் கேட்டால் அதுவே பாதி தணியும். பிறகு முதுகைக் காட்டாமல் விலகி, மந்தையைச் சுற்றி நூறு, இருநூறு மீட்டர் வளைத்துப் போக வேண்டும். ஓடவே கூடாது. மந்தையின் நடுவே பிளந்துகொண்டு போவதுதான் பெரிய தப்பு. பாதை அதன் வழியாகப் போனாலும் சரி. சைக்கிளில் வந்தால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு போங்கள். உங்கள் நாயைக் கூட்டி வந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தக்கைமரம்:
நாய், படல் எல்லாம் சமாளிக்கலாம். துப்பாக்கியை என்ன செய்வது? ஜனவரி சனிக்கிழமை, அதே அராசேனா மலையில் அல்மொனாஸ்தெர் ஊர்ப் பக்கம். பாதை தொடங்கும் இடத்தில் ஜீப்புகளும் நாய்க்கூண்டு வண்டிகளும் நின்றன. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து நாய் மணிச் சத்தம், உடனே ரெண்டு வெடி. ஓக் இலை உதிர்ந்ததுபோல் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. வேட்டைப் பலகை எல்லா இடத்திலும் இருக்கிறதே, அப்படியென்றால் எங்கேயுமே போக முடியாதா?

கல்சுவர்:
ரெண்டு பலகையைக் குழப்பிக்கொள்கிறீர்கள். குறுக்குக் கோட்டில் பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக வேலியில் தொங்கும் சின்னத் தகடு, 'இங்கே வேட்டையாடும் உரிமை ஒருவருடையது' என்று மட்டும்தான் சொல்கிறது. அது வருடம் முழுக்க இருக்கும். உள்ளே ஓடும் பொதுப்பாதையில் நடக்க அது தடை இல்லை. இன்னொன்று, 'மோன்தெரியா', 'பதீதா' (ரெண்டுமே விலங்குகளை விரட்டி ஆடும் வேட்டை), 'பெலிக்ரோ' (ஆபத்து) என்று எழுதி அன்றைக்கு மட்டும் வைப்பது. அதைப் பார்த்தால் திரும்பிவிட வேண்டும், பேச்சே இல்லை. நாய்களைக் காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் அவிழ்ப்பார்கள். அதனால் எட்டு மணிக்கு அமைதியாக இருக்கிறதே என்று உள்ளே போய், பதினொன்றுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை சனி, ஞாயிறுகளில் முந்தின இரவே தங்குமிடத்தில் கேட்டுவிடுங்கள். ஆரஞ்சு மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

பழைய கால்நடை வழிகள் தனிக் கதை. அவை 1995ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டப்படி பொதுச்சொத்து. பெரியது 'கன்யாதா', 75.22 மீட்டர் அகலம் வரை. அதற்கடுத்தது 'கோர்தெல்', 37.61. பிறகு 'வெரேதா', 20.89. காஸ்தீலிய 'வாரா' என்ற பழைய நீள அளவை மீட்டருக்கு மாற்றியதால்தான் இந்தச் சில்லறை. தரையில் அந்த அகலம் பல இடங்களில் இல்லை. வேலியும் ஒலிவமும் தின்றுவிட்டன. ஆனாலும் நடக்கும் உரிமை உண்டு.

ஈரக்கல்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கஸ்தாஞ்ஞோ தெல் ரொப்லேதோவிலிருந்து இறங்கும் கல்பாவிய பாதையில், நவம்பர் மழைக்கு மறுநாள், முன்னால் போனவரின் ரெண்டு காலும் ஒரே நேரத்தில் மேலே போனதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த அராசேனா மலையில் வருடத்துக்குச் சுமார் 1000 மி.மீ. மழை, பெரும்பாலும் குளிர்காலத்தில். கல்சுவர் நடுவே உள்ள பாதை என்பது மழையில் ஓடைதான். தண்ணீருக்கும் அதுவே வழி. கல் உருண்டையாக, பாசி பிடித்து, மேலே செஸ்ட்நட் இலை ஒட்டியிருக்கும். இலை மேல் கால் வைக்காதீர்கள், கல்லின் உச்சியிலும் வைக்காதீர்கள். ரெண்டு கல்லுக்கு நடுவில் உள்ள இடுக்கில் வையுங்கள். தேய்ந்த அடியுள்ள ஷூவை வீட்டில் விடுங்கள். இறக்கத்தில் கோலை ஒரு கை நீளம் முன்னால் ஊன்றுங்கள், பக்கத்தில் அல்ல.

ஊருக்கு ஊர் குழாய் ஊற்று உண்டு. கலரோசாவில் பன்னிரண்டு வாயிலிருந்து கொட்டும். ஆனால் குளோரின் போடாத தண்ணீர் என்று பலகை இருந்தால் வயிறு பழகாதவர்கள் விட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் வருவதாக இருந்தால் ஆளுக்கு மூன்று லிட்டர், அதுவும் காலையிலேயே முடித்துவிடுங்கள். டிசம்பரில் நேர்மாறு: எட்டரைக்குத்தான் விடியும், ஆறு மணி சுமாருக்கு இருட்டிவிடும். விழுந்து கிடக்கும் செஸ்ட்நட்டைப் பொறுக்காதீர்கள். அது காட்டுமரம் இல்லை, ஒருவருடைய விளைச்சல்.

அடையாளக் கோடுகள் தெரியும்தானே? வெள்ளை-சிவப்பு நெடும்பாதை, வெள்ளை-மஞ்சள் நடுத்தரம், வெள்ளை-பச்சை உள்ளூர்ப் பாதை. அதே நிறத்தில் பெருக்கல் குறி போட்டிருந்தால் தப்பான திருப்பம்.

ஒற்றையடி:
படலைப் பற்றிக் கேட்டால் மழைக்கணக்கு வருகிறது :)

தக்கைமரம்:
வேட்டையால் திரும்பிய அன்று மலை ஏறாமல் அல்மொனாஸ்தெர் கோட்டைக்குள் இருக்கும் மசூதிக்குப் போனதுதான் மிச்சம். 10ஆம் நூற்றாண்டு வாக்கில் கட்டியது. பழைய ரோமன் தூண்களை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, உயரத்தைச் சரிக்கட்ட அடியில் வெவ்வேறு கல். செங்கல் லாட வளைவுகளில் ரெண்டு ஒரே மாதிரி இல்லை. மெக்காவைக் காட்டும் மாடம் அப்படியே இருக்கிறது. சுவரை ஒட்டி வெளியே காளைப்போர் வட்டம். இந்த மூன்றையும் ஒரே குன்றில் பார்க்க வேறெங்கே போவது?

இறங்கும் வழியில் அடிமரம் உரித்துச் செந்நிறமாக நின்ற தக்கை ஓக்குகளில் வெள்ளைப் பெயின்டில் '7' என்று போட்டிருந்தது. மரத்தின் வரிசை எண்ணா?

கல்சுவர்:
இல்லை, உரித்த வருடத்தின் கடைசி இலக்கம். 2017 என்றால் 7. ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் உரிப்பார்கள், எனவே அதற்கடுத்த முறை 2026 கோடை. எல்லாத் தோட்டத்திலும் எழுத மாட்டார்கள். புதிதாக உரித்த மரத்தில் பேனாக்கத்தியால் பெயர் செதுக்கும் ஆட்களையும் அங்கே பார்க்கலாம். மேலே தெரிகிற அந்தச் சிவப்புத் தோல்தான் அடுத்த தக்கையைத் தருவது; அது வெட்டுப்பட்ட இடத்தில் மறுபடி வளராது.