வீட்டுக்கே வந்து எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

படுக்கையோரம்:
மாமியாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து படுத்த படுக்கைதான். காய்ச்சலும் சளியும் விடாமல் இருந்ததால் மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி, ஆம்புலன்சில் ஏற்றி, அங்கே வரிசையில் கிடத்தி, திரும்பக் கொண்டுவருவதற்குள் இன்னும் முடியாமல் போய்விடும் என்று வீட்டுக்கு வந்து எடுப்பவர்களைக் கூப்பிட்டோம். இரண்டு பெட்டியோடு ஒருவர் வந்தார். முதுகுக்குக் கீழே பலகை மாதிரி ஒன்றைச் செருகினார், எங்களை எல்லாம் அடுத்த அறைக்குப் போகச் சொன்னார், ஒரு பீப் சத்தம், சில நொடியில் லேப்டாப்பில் படம். அதுவரை நன்றாகத்தான் போனது. ரிப்போர்ட் வந்ததும்தான் குழப்பம். இதயம் பெரிதாகத் தெரிகிறதாம், ஆனால் ஏ.பி. வியூ என்பதால் உறுதியாகச் சொல்ல இயலாதாம், இடது நுரையீரலின் அடிப்பகுதி தெளிவில்லையாம். முன்பு ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில் இதயம் நார்மல் என்றுதான் போட்டிருந்தார்கள். வீட்டில் ஒரே பதற்றம். 'சொல்ல இயலாது' என்று எழுதி வாங்கத்தானா இவ்வளவும்? உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

கதிர்க்காரன்:
வீடு வீடாகப் போய் எக்ஸ்ரே எடுப்பதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில், உங்கள் மாமியாரின் இதயம் வீங்கிவிட்டது என்று இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து, நெஞ்சு படத்தைப் பதிக்கும் பலகையை ஒட்டியிருக்க, முதுகுப் பக்கமிருந்து சுமார் 180 செ.மீ. தள்ளிக் கதிரை விடுவார்கள். அது பி.ஏ. வியூ. படுத்திருப்பவருக்கு அது நடக்காது. பலகை முதுகுக்குக் கீழே, கதிர் நெஞ்சுப் பக்கமிருந்து, தூரமும் பல நேரம் 100 செ.மீ. சுமாருக்குத்தான் கிடைக்கும். அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் வந்த ஏ.பி. வியூ. இதயம் இருப்பது மார்பின் முன்பக்கம், அதாவது பலகையிலிருந்து தள்ளி. விளக்குக்கும் சுவருக்கும் நடுவே கையை வைத்து, கையைச் சுவரைவிட்டு விளக்கின் பக்கம் நகர்த்திப் பாருங்கள், நிழல் பெரிதாகும். அதேதான் இங்கேயும். போதாததற்குப் படுத்தால், மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் மேலே ஏறி இதயத்தை இன்னும் அகலமாகக் காட்டும். படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், அதாவது ரேடியாலஜிஸ்ட், 'உறுதியாகச் சொல்ல இயலாது' என்று எழுதியது பொறுப்பான வேலை. அதை எழுதாமல் 'இதயம் பெரிது' என்று மட்டும் போட்டிருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

அந்த அடிப்பகுதி தெளிவில்லாத சமாச்சாரம் வேறு. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால், உட்கார்ந்திருப்பவருக்கு அது கீழே இறங்கி ஓரத்தில் ஒரு கோடு மாதிரித் தெரியும். மல்லாக்கப் படுத்தவருக்கு முதுகுப் பக்கம் முழுக்கப் பரவி மங்கலாக மட்டுமே தெரியும், கொஞ்சமாக இருந்தால் தெரியாமலேயே போகலாம். இதற்காகத்தான் நாங்கள் வந்ததும் "கொஞ்சம் உட்கார வைக்க முடியுமா?" என்று கேட்போம். பலர் "பாவம், எதற்குத் தொந்தரவு" என்று மறுத்துவிடுவார்கள். டாக்டர் அனுமதித்து, பிடித்துக்கொள்ள ஆளும் இருந்தால், தலையணை முட்டுக் கொடுத்து அரைகுறையாக உட்கார வைத்தால்கூடப் படத்தில் பெரிய வித்தியாசம் தெரியும்.

கதிர் பற்றி எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். ஒரு மார்பு எக்ஸ்ரேயின் டோஸ் சுமாராக 0.02 முதல் 0.1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே நம் மேல் விழுவது உலக சராசரியில் வருடத்துக்குச் சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவர்ட். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்வாசியாகக் குறையும், ஆகவே 2 மீட்டர் தள்ளிப் போங்கள் என்று நாங்கள் விரட்டுவது சும்மா பந்தாவுக்கு இல்லை. யாராவது நோயாளியைப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு, நேர்க்கதிரில் கை படாமல் பிடிக்க வேண்டும். கர்ப்பிணிகளைப் பிடிக்க விடவே மாட்டோம். ஏப்ரன் கொண்டுவராமல் "ஒரு செகண்ட்தான், பிடியுங்க" என்று யாராவது சொன்னால் எடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

பேரன்:
எங்கள் பாட்டிக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய். இடம் மாறினாலே ராத்திரி முழுக்கக் கத்துவார், ஆஸ்பத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். குளியலறையில் விழுந்துவிட்டார், இடுப்பில் வலி, வீட்டிலேயே எக்ஸ்ரே எடுத்தோம். தன் கட்டிலில், தன் போர்வையோடு, பேத்தி கையைப் பிடித்துவிட்டு நகர்ந்ததும் படம் எடுத்து முடிந்தது. அந்த வகையில் கும்பிடு போட வேண்டும். ரிப்போர்ட்டில் எலும்பு முறிவு தெரியவில்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகி "நடங்க பாட்டி" என்று கிளப்பிவிட்டார்கள். அவரால் காலை ஊன்ற முடியவில்லை. வந்து பார்த்த டாக்டர் "படம் நார்மல், ஆள் நார்மல் இல்லையே" என்று சொல்லி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். தொடை எலும்பின் கழுத்தில் விலகாத முறிவு இருந்தது. ஆக, தவிர்க்க நினைத்த பயணத்தைக் கடைசியில் போகத்தான் வேண்டியிருந்தது.

கதிர்க்காரன்:
பேரன் சொன்னது ரொம்ப முக்கியம். விலகாத இடுப்பு முறிவு ஆஸ்பத்திரியின் பெரிய மெஷினில்கூடச் சில சமயம் தெரியாது. அதிலும் இடுப்பு தடிமனான பகுதி, நிறையக் கதிர் வேண்டும். கையில் பிடிக்கிற ரக மெஷின் 3.5 கிலோ சுமாருக்குத்தான் இருக்கும், அதன் சக்தியும் அதற்கேற்ற அளவுதான். நெஞ்சு, கை, கால் என்றால் நன்றாக வரும், பருமனான உடம்பில் இடுப்பு, முதுகெலும்பு என்றால் படம் பொரிப்பொரியாக இருக்கும். சக்தி குறைந்தால் கதிரை அதிக நேரம் விட வேண்டும், அதற்குள் ஆள் அசைந்தால் படம் மங்கும். கூப்பிடும்போதே எந்த உறுப்பு, ஆளின் எடை எவ்வளவு, உட்கார முடியுமா என்று சொல்லிவிடுங்கள். அதைப் பொறுத்து எந்த மெஷினை எடுத்து வருவது என்று நாங்களும் முடிவு செய்வோம், சில நேரம் "இது வீட்டில் வேண்டாம்" என்றே சொல்லிவிடுவோம்.

இரவுப்பணி:
நான் வீட்டு நர்ஸ். எக்ஸ்ரே பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், என் கையில் அதிகம் புழங்குவது பிளாடர் ஸ்கேனர். அடிவயிற்றில் ஜெல் தடவி வைத்தால் சிறுநீர்ப்பையில் எத்தனை மில்லி இருக்கிறது என்று காட்டும் சின்ன அல்ட்ராசவுண்ட். கதிர் கிடையாது. முன்பெல்லாம் யூரின் போகவில்லை என்றாலே டியூப் போட்டுத்தான் பார்க்க வேண்டும், டியூப் போட்டால் கிருமி உள்ளே போக ஒரு வழி. இப்போது அளவைப் பார்த்து டாக்டருக்குச் சொல்கிறேன், பாதி நேரம் டியூப் தேவைப்படுவதில்லை. ஆனால் வயிற்றில் நீர் கோத்தவருக்கு இது அந்த நீரையும் சேர்த்துச் சிறுநீர்ப்பை என்று எண்ணிவிடும். ஒருவருக்கு 700 மில்லி காட்டியது, அவரோ கொஞ்சம் முன்புதான் போய்விட்டு வந்திருந்தார், வயிறு வேறு பானை மாதிரி இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுவிட்டேன்.

எங்களோடு வரும் டாக்டர் போனில் செருகும் ஸ்கேன் புரோப் வைத்திருக்கிறார். 2017-ல் பட்டர்ஃபிளை ஐக்யூ என்ற புரோபுக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஒலி அலையை எழுப்பும் வழக்கமான படிகங்களுக்குப் பதில் சிப் வைத்து, ஒரே புரோபில் வயிறு, இதயம், ரத்தக்குழாய் எல்லாம் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கிறார்தான். ரொம்ப நேரம் ஓட்டினால் சூடாகி நின்றுகொள்ளும், அப்போது எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்! ஒன்று சொல்ல வேண்டும், படுக்கையோரம் அக்கா. நுரையீரலைச் சுற்றிய நீரைப் பார்க்கப் படுக்கை எக்ஸ்ரேயைவிட இந்தப் புரோப் கெட்டி, கொஞ்சம் நீர் இருந்தாலும் காட்டிவிடும். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

சும்மா_கேட்கிறேன்:
அப்போ எம்.ஆர்.ஐ.யும் வீட்டுக்கு வருமா?

முகாம்வாசி:
வராது :) ஸ்வூப் என்று சக்கரம் வைத்த எம்.ஆர்.ஐ. இருக்கிறது, 2020-ல் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. சாதாரண பிளக்கில் ஓடும், ஆனால் எடை 600 கிலோவுக்கு மேல், மூளையை மட்டும்தான் பார்க்கும். காந்த பலம் 0.064 டெஸ்லா, ஆஸ்பத்திரியில் இருப்பது 1.5 அல்லது 3. ஐ.சி.யு. படுக்கைக்குத் தள்ளிக்கொண்டு போகத்தான் அது, மாடிப்படி ஏற்ற இல்லை. சி.டி. என்றால் ஆம்புலன்சிலேயே ஏறியிருக்கிறது. ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் 2008-ல் ஆம்புலன்சுக்குள்ளேயே சி.டி. வைத்து ஓட்டினார்கள். பக்கவாதம் அடைப்பாலா ரத்தக் கசிவாலா என்று ஸ்கேன் பார்க்காமல் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது, அதற்கோ பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அதனால் ஸ்கேனையே நோயாளியிடம் கொண்டுபோய்விட்டார்கள். புது யோசனையும் இல்லை, முதல் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவியைக் காரில் ஏற்றி, கார் எஞ்சினிலிருந்தே மின்சாரம் எடுத்துப் போர்முனைக்குப் போனவர். 17 வயது மகள் ஐரீனையும் இந்த வேலையில் இறக்கிவிட்டார்.

சரி, என் அனுபவம் காசநோய் முகாம்களில். கையடக்க எக்ஸ்ரே, ஒரு பலகை, ஒரு லேப்டாப், அதில் ஏ.ஐ. மென்பொருள். படம் எடுத்த சில நொடியில் காசநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று ஒரு மதிப்பெண் காட்டும், அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் சளிப் பரிசோதனை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இப்படி மென்பொருளை வைத்துப் படம் பார்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது, குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை இல்லை. இருமலே இல்லாதவர்களிடமும் நோய் பிடிபடுகிறது, அதுதான் இதன் பெரிய பலம். தலைவலி எங்கே என்றால் முன்பே காசநோய் வந்து குணமானவர்களிடம். நுரையீரலில் ஆறிய தழும்பு இருக்கும், மென்பொருள் அதற்கும் தாராளமாக மதிப்பெண் போடும். ஒரு பெரியவர் "மறுபடியுமா?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தால்தான் முடிவு, இது வெறும் சல்லடை என்று சொல்லிப் புரிய வைக்க எக்ஸ்ரே எடுத்த நேரத்தைவிடப் பல மடங்கு ஆனது. முகாமுக்கு மெஷின் வாங்குகிறவர்கள், இதைப் பேசுவதற்கென்று ஒரு ஆளையும் போட்டால் நன்றாயிருக்கும். யாரும் போடுவதில்லை.

இன்னொன்று, ஜடை. தடித்த பின்னல் தோளில் விழுந்திருந்தால் நுரையீரலின் மேல்பகுதியில் நிழலாக விழும், காசநோய் அதிகம் வரும் அதே இடத்தில். இப்போது வரிசையிலேயே முடியைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்லிவிடுகிறோம், கழுத்துச் சங்கிலியைக் கழற்ற ஒரு திரை மறைவும் வைத்திருக்கிறோம்.

படம்பார்ப்பவர்:
நான் ரிப்போர்ட் எழுதும் பக்கம் இருப்பவன். ஒரே ஒரு வேண்டுகோள், லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். எக்ஸ்ரேயின் அசல் கோப்பில் (மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் வடிவம்) சாம்பல் நிறத்தின் படிநிலைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். போன் படத்தில் அவை 256-க்குள் சுருங்கும், அதையும் மெசேஜ் செயலி இன்னும் நசுக்கும், மேலே ஜன்னல் வெளிச்சத்தின் பிரதிபலிப்பு வேறு. அதைப் பார்த்து நிமோனியா இருக்கிறதா என்று கேட்டால் நான் என்ன சொல்ல? படம் எடுத்தவரிடம் அசல் கோப்பைக் கேட்டு வாங்கி வையுங்கள், பழைய படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். 'மார்பு எக்ஸ்ரே' என்று மொட்டையாக வரும் சீட்டைவிட 'படுக்கையில் இருப்பவர், ஒரு வாரமாகக் காய்ச்சல், இடப்பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு' என்று வரும் சீட்டுக்கு நான் எழுதும் ரிப்போர்ட் நிச்சயம் உபயோகமாக இருக்கும்.

படுக்கையோரம்:
எல்லோருக்கும் நன்றி. டாக்டர் புரோப் கொண்டுவந்து பார்த்தார், இடப்பக்கம் கொஞ்சம் நீர் இருக்கிறது, இதயம் சுருங்கி விரிவது சரியாக இருப்பதாகச் சொன்னார். மருந்து மாற்றியிருக்கிறார், காய்ச்சல் இறங்கிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டுமாம். இந்த முறை உட்கார வைத்து எடுக்கச் சொல்லப் போகிறேன், பழைய படத்தின் கோப்பும் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம், அவர் படுத்திருப்பது காற்றடைத்த மெத்தை. போன முறை பலகை ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து போனது. அதற்கு என்ன செய்வது?

கதிர்க்காரன்:
பம்பில் மெத்தையைக் கெட்டியாக நிறுத்தி வைக்கும் பட்டன் இருக்கும், நாங்கள் வருவதற்குச் சற்று முன் அதைப் போட்டுவிடுங்கள். பலகையை மெத்தைக்குக் கீழே வைக்க விடாதீர்கள், காற்றுக் குழாய்கள் படத்தில் கோடு கோடாக விழும். மெல்லிய துணி சுற்றி நேராக முதுகுக்குக் கீழேதான் வைக்க வேண்டும், செருகும்போது தோலை உரசி இழுக்காமல் ஆளைத் திருப்பிச் செருகச் சொல்லுங்கள். முடிந்ததும் பம்பைப் பழையபடி ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். அதை நாங்கள் ஞாபகமாகச் செய்துவிட்டுப் போவோம் என்று மட்டும் நம்ப வேண்டாம், அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் இருப்போம்.