ரப்பர் பாகங்களில் பிசிறு நீக்கம்: சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

ரப்பர் தொழில்நுட்பப் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'கிரையோஜெனிக் டிஃபிளாஷிங்' என்பதற்குச் சொல் தேவை. ரப்பரை வார்க்கும் அச்சின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் ரப்பர் கசிந்து, பாகத்தின் ஓரத்தில் மெல்லிய தோல்போல ஒட்டியிருக்கும். அதுதான் பிளாஷ். திரவ நைட்ரஜனால் அறையைக் குளிர்வித்து, பாகங்களை உருட்டியபடியே பாலிகார்பனேட் மணிகளை வீசி அடித்தால் அது உதிர்ந்துவிடும். 'உறைகுளிர்ப் பிசிறுநீக்கம்' சரிவருமா?

---

'பிசிறு' வேண்டாம் ஐயா. உலோகத்தைக் கடையும்போது வெட்டுவாயில் கிழிந்து நிற்பதைத்தான் பிசிறு என்கிறோம். இது கிழிந்து வந்ததல்ல, அழுத்தத்தில் பிதுங்கி வந்தது. 'பிதுக்கம்' என்றால் பிறந்த விதமும் விளங்கும்.

---

பிதுக்கம் என்றதும் வயிறுதான் நினைவுக்கு வருகிறது! பிசிறு நல்ல சொல். சங்கப் பாடல்களில் 'பிசிர்' என்பது தெறிக்கும் நீர்த்துளி. முதன்மைப் பொருளிலிருந்து சிதறி விளிம்பில் நிற்பது என்ற கருத்து இரண்டிலும் உண்டு. ரகரம் றகரமானதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன். என் தடை 'உறை'மேல்தான். உறைதல் இறுகுதல், தங்குதலும்கூட (உறைவிடம், உறையுள்). பெயர்ச்சொல்லானால் மூடி. மாணவர் 'உறை நீக்கம்' என்று பிரித்துப் படித்தால் என்ன செய்வீர்கள்? 'குளிருதிர்ப்பு' போதும்.

---

ரகரமும் றகரமும் அப்படி எளிதில் மாறாது, அதை விடுங்கள். 'உறை' அறிவியலாகவே தவறு. திட ரப்பர் உறைவதில்லை, கண்ணாடிநிலைக்கு, அதாவது நெகிழ்வு போய்க் கண்ணாடிபோல் நொறுங்கும் நிலைக்கு, மாறுகிறது. இயற்கை ரப்பருக்கு அது ஏறக்குறைய −70° செ., சிலிக்கோனுக்கு −120° அருகில். நைட்ரஜன் −196°-இல் கொதிப்பதால் சிலிக்கோனுக்கும் அது போதும். மெல்லிய ஓரம் முதலில் வெப்பத்தை இழந்து நொறுங்கும் தன்மைக்கு வருகிறது. தடித்த உடலில் அப்போதும் கொஞ்சம் நெகிழ்வு மிஞ்சியிருக்கிறது. மணி பட்டதும் ஓரம் மட்டும் ஒடிகிறது. இந்த நேர இடைவெளிதான் முறையின் உயிர். அதிகம் குளிர்வித்தால் பாகமே விரிசல் விடும். ஆகவே 'நொறுக்கு' என்ற கருத்து சொல்லில் வர வேண்டும்.

---

அம்மா, எல்லா விளக்கத்தையும் ஒரு சொல்லுக்குள் திணிக்க முடியாது. பட்டறையில் 'பிசிறு எடுக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள், கத்தரியால் வெட்டினாலும் சரி, நைட்ரஜனில் போட்டாலும் சரி. வேலை செய்பவருக்குப் புரியாத தூய்மை யாருக்கு?

---

நன்றி. உறை போய்விட்டது. பிசிறுக்குத்தான் ஆதரவு அதிகம். முதலில் வரும் இடத்தில் 'கிரையோஜெனிக் டிஃபிளாஷிங் எனும் குளிர்முறைப் பிசிறுநீக்கம்' என்றும், அப்புறம் 'பிசிறுநீக்கம்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறேன். 'குளிருதிர்ப்பு' பின்னிணைப்பில் இருக்கும்.

---

பெரும்பான்மை முடிவென்றால் சரி. ஆனால் இதே நூலில் உலோக அச்சைக் கடையும் பாடமும் இருக்குமே ஐயா. அங்கே வரும் பிசிறுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்?