லோரா: 17 டிபிஎம்மை 20 ஆக்கினா தூரம் கூடுமா?

கிணத்துமேடு:
லோரா (குறைஞ்ச பவர்ல ரொம்ப தூரம் போற ரேடியோ) மாட்யூல் ஆர்எஃப்எம்95 ரெண்டு, ஆர்டுயினோ நானோ போர்டோட. 865 மெகாஹெர்ட்ஸ், எஸ்எஃப்7 (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்; கூட்டினா வேகம் குறையும், தூரம் கூடும்), பேண்ட்வித் 125 கிலோஹெர்ட்ஸ், பவர் 17 டிபிஎம். தொட்டி நீர்மட்டம் 10 பைட், 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை. நடுவுல தென்னந்தோப்பு. 900 மீட்டர்ல எஸ்என்ஆர் (இரைச்சலோட ஒப்பிட்டா சிக்னல் அளவு) -6 டிபி (டெசிபல்). அதைத் தாண்டினா ஒண்ணும் வரல. வேண்டியது 1.8 கி.மீ. 20 டிபிஎம் வெச்சா பாக்கெட்டே போகல. பவரைக் கூட்டவா, பேண்ட்வித்தைக் குறைக்கவா?

அலைவரிசை:
பவரை ரெண்டு மடங்காக்கினா 3 டிபி லாபம். பேண்ட்வித்தைப் பாதியாக்கினா இரைச்சல் பாதியாகும், அதுவும் 3 டிபிதான். ஆனா அனுப்புற நேரம் ரெட்டிப்பாகும், பேட்டரிக்கு ரெண்டுமே கூடுதல் செலவு. தோப்புக்குள்ள தூரத்தை ரெட்டிப்பாக்க 12 டிபி வரை வேணும். 3 டிபிக்கு 900 மீட்டர் 1,070 ஆகும், அவ்வளவுதான்.

ரெண்டையும் விட எஸ்எஃப்பைக் கூட்டுங்க. எஸ்எஃப்7, எஸ்என்ஆர் -7.5 வரைக்கும்தான் பிடிக்கும். எஸ்எஃப்12 -20 வரை இறங்கும். உங்க கையில இப்ப இருக்கிற 1.5 டிபி அப்போ 14 ஆகும். பாக்கெட் நேரம் 41 மில்லிசெகண்ட்ல இருந்து ஒரு செகண்டுக்குப் போகும்; 15 நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிறதால பாதகமில்ல. லோ டேட்டா ரேட் ஆப்டிமைஸ் (மெதுவா அனுப்புறதுக்கான செட்டிங்) ரெண்டு பக்கமும் ஆன்ல இருக்கணும், ஒரு பக்கம் விட்டா டேட்டா குப்பையாத்தான் வரும்.

பற்றவைப்பு:
20ல போகாததுக்குக் காரணம் சப்ளை. மாட்யூல் 120 மில்லிஆம்ப் இழுக்கும், 17லயே 87. நானோவோட 3.3 வோல்ட் பின் 50தான் தாங்கும். தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்க, மாட்யூல் காலடியிலயே 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. நானோ 5 வோல்ட், அதனால லெவல் ஷிஃப்டரும் (5 வோல்ட் சிக்னலை 3.3க்கு இறக்குறது) வேணும்.

பேண்ட்வித்தை 125க்குக் கீழ இறக்காதீங்க. அலைவரிசையைத் தர்ற கிரிஸ்டல் ±20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு பிசகு) உள்ளதுன்னா ஒரு முனையே 17 கிலோஹெர்ட்ஸ் நகரும், லோரா தாங்குறது பேண்ட்வித்ல கால் பங்குதான். காலையில வேலை செய்யும், பெட்டி வெயில்ல காய்ஞ்சா நின்னுடும். பேண்ட்வித் அதிகபட்சமும் 200 கிலோஹெர்ட்ஸ்தான் விதி, 250 வைக்கக் கூடாது.

கிணத்துமேடு:
ஆன்டெனாவை மட்டும் 3 மீட்டர் ஆர்ஜி174 கேபிள்ல மேல ஏத்தலாமா?

பற்றவைப்பு:
வேண்டாங்க. அந்தக் கேபிளே ஏறக்குறைய 3 டிபியைத் தின்னுடும். பெட்டியையே குழாய் உச்சியில கட்டுங்க, சப்ளை வயர் மட்டும் கீழ வரட்டும். ஆன்டெனா கம்பி 8.6 செ.மீ. இருக்கான்னு அளந்து பாருங்க; 17 செ.மீ. இருந்தா அது 433 மெகாஹெர்ட்ஸுக்கு உள்ளது.